மூன்றாம் பம்பில் தொங்கும் பூட்டு

விளக்கம் கொடுக்க எழுபத்திரண்டு மணி நேரம் இருந்தது.

செய்தி வந்தபோது அவன் மூன்றாம் பம்புக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். பேரிங் தேய்ந்து பம்பு சில நாட்களாகவே முனகிக்கொண்டிருந்தது. கையெல்லாம் கிரீஸ். கைபேசியின் திரையை முழங்கை முனையால் தள்ளிப் படித்தான். அவனுடைய குற்றப் பின்னணிச் சரிபார்ப்பில் ஒரு பதிவு இருக்கிறதாம். கெடுவுக்குள் விளக்கம் தராவிட்டால் நுழைவு அனுமதி தானாகவே ரத்தாகிவிடுமாம்.

படித்துவிட்டு வேலையைத் தொடர்ந்தான். கழற்றிய நட்டுகளை ஒரு டப்பாவில் போட்டான். எண்ணினான். மறுபடியும் எண்ணினான்.

அந்தக் குடிநீர் நிலையத்தில் அவனுக்கு 'ரெண்டு தடவை' என்று பெயர். எதையும் இரண்டு முறை பார்க்காமல் நகர மாட்டான். "கல்யாணத்தையும் ரெண்டு தடவை செக் பண்ணித்தான் பண்ணுனியா?" என்று பம்பு ஆபரேட்டர் ஒருமுறை கேட்டார். "அது ஒண்ணுதான் ஒரே தடவை பார்த்தேன். அதான் மாமியாரும் கூடவே வந்துட்டாங்க" என்றான் அவன். நிலையம் முழுக்க ஒரு வாரம் அதைச் சொல்லிச் சிரித்தார்கள்.

நிலையத்தை நடத்தும் ஒப்பந்தம் புதிய நிறுவனத்தின் கைக்குப் போயிருந்தது. ஊருக்கே குடிக்கத் தண்ணீர் கொடுக்கிற இடம் என்பதால் தலைமைப் பொறியாளர் முதல் தரை துடைக்கிறவர் வரை எல்லோருக்கும் காவல்துறைச் சரிபார்ப்பு என்றார்கள். தேறிவிட்டதாக ஒவ்வொருவருக்காகக் கைபேசியில் பச்சை விழுந்துகொண்டிருந்தது. பச்சை விழுந்தவர்கள் தேர்வு முடிவு வந்த பிள்ளைகள் மாதிரி திரையைக் காட்டிக்கொண்டு திரிந்தார்கள். ஆபரேட்டருக்கு இளமையில் ஒரு அடிதடி வழக்கு இருந்தது. அவருக்கே பச்சைதான். "நான் அடி வாங்குனவன்ப்பா, அதனால தப்பிச்சேன்" என்றார்.

பம்பை விட்டு வெளியே வந்தவன் சுவரில் இருந்த ஸ்விட்ச் பெட்டியைப் பார்த்தான். அவனுடைய சிவப்புப் பூட்டு அதில் தொங்கியது.

இந்தத் தொழிலில் அது ஒரு கட்டாயம். இயந்திரத்துக்குள் கையை விடப் போகிறவன் முதலில் அதற்கு வரும் மின்சாரத்தை அணைக்க வேண்டும். அணைத்த ஸ்விட்சில் தன் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். நான்கு பேர் உள்ளே இறங்கினால் நான்கு பூட்டு தொங்கும். போட்டவனைத் தவிர வேறு யாரும் அதைத் தொடக்கூடாது. பூட்டு தொங்கினால் உள்ளே ஓர் உயிர் இருக்கிறது என்று அர்த்தம்.

பதினோரு வருடத்துக்கு முன்பு அவன் அப்படி ஒரு பூட்டை வெட்டியிருந்தான்.

*

மறுநாள் சரிபார்ப்பு நிறுவனத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். அவன் படிக்கட்டுக்குப் பின்புறம் போய் நின்றுகொண்டான்.

"சார், இப்ப பேசலாமா? பக்கத்துல யாராவது இருந்தா நான் அப்புறம் கூப்பிடறேன்."

"பரவாயில்ல, சொல்லுங்க."

"தீர்ப்பு என்கிட்ட இருக்கு. அலட்சியத்தால மரணம். எட்டு மாசம் தண்டனை. யாரும் சொல்லல, நானாத்தான் முடிவெடுத்துப் பூட்டை வெட்டினேன்னு நீங்க கோர்ட்ல சொல்லியிருக்கீங்க. சரிங்களா?"

"சரி."

அவள் ஏதோ தட்டச்சு செய்தாள். பிறகு நிறுத்தினாள்.

"சார், நான் இதைச் சொல்லணும்னு இல்ல. இருந்தாலும் சொல்றேன். மேலதிகாரி சொல்லிச் செஞ்சிருந்தா அது வேற வழியில போகும். கமிட்டி தனியா எடுத்துப் பார்ப்பாங்க. அப்படி ஒருத்தருக்கு பாஸ்கூடக் கிடைச்சிருக்கு. நீங்களாவே பாதுகாப்பு விதியை மீறுனதுன்னா கமிட்டிக்கே போகாது."

"எங்க போகும்?"

"எங்கயும் போகாது சார். எங்க சிஸ்டத்துல ரெண்டே நிறம்தான்."

அவன் கீழே பார்த்தான். வடிகட்டித் தொட்டிகளில் தண்ணீர் ஓசையில்லாமல் வழிந்துகொண்டிருந்தது.

"சிவப்பு விழுந்தா இந்த இடம் மட்டும் இல்ல சார். தண்ணி, கரண்ட், துறைமுகம், எல்லாரும் இதே சிஸ்டத்தைத்தான் பார்ப்பாங்க. திரும்ப விண்ணப்பிக்க முடியாது. யாராவது சொல்லியிருந்தா பேரை எழுதுங்க. நாங்க அவரைக் கேப்போம். அவர் ஒத்துக்கிட்டா போதும்."

"ஒத்துக்கிட்டா அவருக்கு என்ன ஆகும்?"

அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "அவருக்கும் ஒரு பதிவு ஆரம்பிக்கும் சார்."

*

அவன் பூட்டை வெட்டிய ரசாயனத் தொழிற்சாலை இப்போது இல்லை. அன்று அவன் அங்கே ஃபிட்டர். சுண்ணாம்பு கலக்கும் தொட்டிகள் ஆளுயரத்துக்கு மேல் இருக்கும். உள்ளே இரும்பு இறக்கைகள் சுற்றும். மாதத்துக்கு ஒருமுறை ஓர் ஆள் உள்ளே இறங்கி ஒட்டிய சுண்ணாம்பைச் சுரண்ட வேண்டும். சுரண்டுகிறவனைப் பாட்டுக்காரன் என்று கூப்பிடுவார்கள். உள்ளே இறங்கினால் பாட ஆரம்பித்துவிடுவான். தொட்டி அவன் குரலைப் பத்து மடங்காக்கி வெளியே அனுப்பும். அவன் எந்தத் தொட்டியில் இருக்கிறான் என்பதை எட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டவர் யாருமில்லை. காதால்தான் தெரிந்துகொண்டார்கள். பாட்டு நின்றால் வேலை முடிந்துவிட்டது.

அன்று பாட்டுக்காரனுக்குத் தொண்டை கட்டியிருந்தது. அது பிறகுதான் தெரிந்தது.

ஷிப்ட் மாறும் நேரம். ஸ்விட்சில் ஒரே ஒரு பூட்டு தொங்கியது. தொட்டியை ஓட்டச் சொல்லி மேலிருந்து நச்சரித்தார்கள். அவன் உள்தொலைபேசியில் ஷிப்ட் இன்ஜினியரைக் கேட்டான். பதில் உடனே வந்தது. அவன் போல்ட் கட்டரை எடுத்தான். கட்டர் பூட்டைக் கடித்த சத்தம் மிகச் சிறியது. அதற்குப் பிறகு வந்த சத்தத்தை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

அந்த ஷிப்ட் இன்ஜினியர் அவன் மனைவியின் அண்ணன்.

போலீஸ் வருவதற்கு முன்பு மச்சான் அவனைக் கைகழுவும் இடத்துக்கு இழுத்துப் போனார். முகம் வெளுத்திருந்தது. "மாப்ள, ரெண்டு பேரும் உள்ள போனா வீட்டை யாரு பார்ப்பா? நான் வெளியில இருந்தா உன்னைத் திரும்பக் கொண்டு வந்துடுவேன். சத்தியமா கொண்டு வந்துடுவேன்" என்றார். யோசிக்க நேரமில்லை. அவன் தலையை ஆட்டினான். பூட்டைப் போலவே அந்தத் தலையாட்டலையும் அவன் இரண்டாம் முறை சரிபார்க்கவில்லை.

மச்சான் சொன்ன சொல் தவறவில்லை. அதையும் சொல்லியாக வேண்டும். சிறை வாசலில் வந்து நின்றவர் அவர்தான். மாலை வகுப்பில் சேர்த்து அவனைப் பொறியியல் படிக்க வைத்தவரும், தான் இந்த நிலையத்தில் பராமரிப்புத் தலைவராக வந்ததும் அவனைக் கூட்டிவந்தவரும் அவர்தான். கெட்டவராக இருந்திருந்தால் இவனுக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

மனைவிக்கு இது தெரியாது என்று அவன் நினைத்திருந்தான். சிறையில் பார்க்க வந்த நாட்களிலோ அதற்குப் பிறகோ அவள் ஒருநாளும் 'ஏன் வெட்டினீர்கள்' என்று கேட்டதில்லை. கேட்காமலிருந்ததை அவன் பெரிய மனதாக எடுத்துக்கொண்டான். அந்தப் பெருந்தன்மையில்தான் இத்தனை வருடமும் குடியிருந்தான்.

*

சரிபார்ப்புப் பெண் கூப்பிட்ட அன்று மாலை மச்சான் வீட்டுக்கு வந்தார். கூடத்தில் மாமியார் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். மகனைக் கண்டதும் கத்தியை வைத்துவிட்டு நாற்காலியைத் துடைத்தார்.

"வாடா பெரியவனே. உனக்குப் பச்சையாமே? எனக்குத் தெரியும். இத்தனை வருஷம், எத்தனை மிஷினு, ஒரு கீறல் கிடையாது."

"அம்மா, சும்மா இரு."

"ஏன் சும்மா இருக்கணும்? மாப்பிள்ளை மேல தப்பு இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா மனுஷன் நல்லவர்னு யார்கிட்ட வேணா சொல்லுவேன். என்ன மாப்பிள்ளை?"

"நீங்க சொன்னா சரிதான் அத்தை. அந்தக் கமிட்டியில உங்களைப் போட்டிருந்தா எனக்குப் பாதிப் பச்சையாவது விழுந்திருக்கும்."

"கிண்டலா? சிரிங்க, சிரிங்க. சிரிக்கிற நேரம் பாரு."

அவனுடைய மனைவி சமையலறை மேடையில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை அவளுக்கு. சீருடையைக்கூட இன்னும் மாற்றவில்லை. அண்ணனுக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். "சர்க்கரை போதுமா?" என்று கேட்கவில்லை. அண்ணனின் முகத்தைப் பார்க்கவுமில்லை.

இரண்டு ஆண்களும் பால்கனிக்குப் போனார்கள். கொடியில் காய்ந்த துணிகளுக்கு நடுவே நிற்கத்தான் இடமிருந்தது.

"சிபாரிசுக் கடிதம் குடுத்திருக்கேன் மாப்ள. உன்னை மாதிரி ஒரு ஆள் இந்த நிலையத்துல கிடையாதுன்னு எழுதியிருக்கேன். பூட்டு எடுக்கற நடைமுறையே நீ எழுதினதுன்னு போட்டிருக்கேன்."

"ம்."

"அந்தப் பொண்ணு என்ன கேட்டுச்சு?"

"யாராவது சொன்னாங்களான்னு கேட்டுச்சு."

மச்சான் கொடியிலிருந்த ஒரு துண்டைத் தொட்டுப் பார்த்தார். காய்ந்துவிட்டதா என்று பார்ப்பதுபோல. "நீ என்ன சொன்ன?"

"கோர்ட்ல சொன்னதையேதான்."

மச்சானின் தோள் ஒரு விரல் அளவு இறங்கியது. அப்படி இறங்கியதை அவன் பார்த்துவிட்டான் என்பது அவருக்கும் தெரிந்தது. தெரிந்ததும் அவர் முகம் சுருங்கிப்போயிற்று.

"இன்னும் டைம் இருக்கு. நீ சொல்லணும்னா சொல்லு மாப்ள. நான் தடுக்க மாட்டேன்."

"தடுக்க மாட்டீங்க. ஒத்துக்குவீங்களா?"

எதிர்வீட்டில் யாரோ வாளியை இழுத்துப் போட்டார்கள். மச்சான் அந்தத் திசையில் பார்த்தார். "ரிட்டயர் ஆக எனக்கு இன்னும் ஆறு வருஷம் இருக்கு" என்று மட்டும் சொன்னார். பிறகு, "வெளியில குழாய்க் கிடங்கு ஒண்ணு இருக்கு. கேட்டுக்கு வெளியில. அதுக்கு பாஸ் வேணாம். குழாய் வரதைப் போறதைப் பார்த்துக்கிட்டா போதும். நான் பேசறேன்" என்றார்.

"குழாய்க்கு ஒண்ணும் பேரிங் தேயாதே மச்சான்."

இருவரும் சிரிக்க முயன்றார்கள். அவ்வளவுதான்.

இரவுச் சாப்பாட்டுக்குத் தட்டு வைக்கும்போது மனைவி கேட்டாள். "என்னங்க, அந்த விளக்கம் கேக்கற கட்டத்துல என்ன எழுதப் போறீங்க?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். பதினோரு வருடத்தில் அதைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி அது.

"உள்ளதைத்தான்."

"உள்ளதையா?"

"கோர்ட்ல உள்ளதை."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கூடத்திலிருந்து மாமியார், "தண்ணி வைக்க மறந்துட்டியேடி" என்றார். அவள் தண்ணீர் எடுக்கப் போனாள். திரும்பி வந்தபோது வாய் மூடியிருந்தது.

அவன் கட்டத்தில் அதே வாக்கியத்தை எழுதினான். நீதிமன்றத்தில் சொன்னது மனப்பாடமாக இருந்தது. இரண்டு தடவை வாசித்துப் பார்த்துவிட்டு அனுப்பினான். பொய்யில் பிழை எதுவுமில்லை.

*

கெடு முடிந்த காலை அவன் வழக்கம்போல வேலைக்குப் போனான். வாசலில் அட்டையைக் காட்டினான். சிவப்பு விளக்கு எரிந்தது. துடைத்துவிட்டு மறுபடியும் காட்டினான். மறுபடியும் சிவப்பு.

காவலாளி வருடக்கணக்காகப் பழகியவர். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அட்டையையே பார்த்தார்.

"மிஷின்தான் ஏதோ மக்கர் பண்ணுது சார்."

"மிஷின் சரியாத்தான் இருக்குண்ணே. நான் ரெண்டு தடவை பார்த்துட்டேன்."

காவலாளி தன் நாற்காலியை நகர்த்தி, "உக்காருங்க, டீ சொல்றேன்" என்றார். அவன் உட்காரவில்லை. உள்ளே பச்சை விழுந்தவர்கள் ஒவ்வொருவராக நுழைந்தார்கள். ஆபரேட்டர் அவனைப் பார்த்ததும் கையை உயர்த்தினார். விளக்கைப் பார்த்துவிட்டு, பாதியில் இறக்கினார்.

திரும்பி நடந்தபோது பையில் ஏதோ தொடையைக் குத்தியது. பூட்டின் சாவி. மூன்றாம் பம்பில் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. நேற்று பேரிங் வந்து சேரவில்லை. இன்று மாட்டலாம் என்று பூட்டை அப்படியே விட்டிருந்தான்.

திரும்பிப் போய்ச் சொன்னான். காவலாளி உள்ளே கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். "சாவியை வாங்க மாட்டாங்களாம் சார். உங்களை உள்ள விடவும் முடியாதாம். பூட்டை வெட்டறதுக்கு முன்னாடி உங்களைக் கூப்பிடுவாங்களாம்."

அது சரி. சாவியை வேறு ஒருவர் கையில் கொடுக்கக் கூடாது என்று நடைமுறையில் எழுதியவனே அவன்தான்.

*

அழைப்பு மறுநாள் நண்பகலில் வந்தது. அவன் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தான். வீட்டில் இருக்கிறவன் ஏதாவது செய்ய வேண்டுமே. மனைவிக்கு அன்று விடுமுறை. மேடையில் கிடந்த கைபேசியை அவள் எட்டிப் பார்த்து, ஒலிபெருக்கியை அழுத்தினாள். கூடத்தில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த மாமியார், மகன் குரல் கேட்டதும் சத்தத்தைக் குறைத்துவிட்டு எழுந்து வந்தார்.

மச்சானின் குரல் வேற்றாளுடையது போல இருந்தது.

"வணக்கம். இது பூட்டு அகற்றும் அழைப்பு. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். என்கூட நிறுவனத்தோட பாதுகாப்பு அதிகாரியும் பம்பு ஆபரேட்டரும் சாட்சியா இருக்காங்க. பேச்சு பதிவாகுது. சரிங்களா?"

"சரிங்க."

"மூணாம் பம்பு ஸ்விட்சுல இருக்கற சிவப்புப் பூட்டு உங்களோடதா?"

"ஆமாங்க."

"நீங்க இப்ப எங்க இருக்கீங்க?"

"வீட்டுல."

"பம்புகிட்ட உங்க ஆளுங்க வேற யாராவது இருக்காங்களா?"

"இல்ல. நான் மட்டும்தான் வேலை பார்த்தேன்."

"வெட்டறதுக்கு முன்னாடி ரெண்டாவது தடவை கேக்கறேன்." இதுவும் அவன் எழுதிய வரிதான். இரண்டாவது தடவை கேட்டே ஆக வேண்டும் என்று பிடிவாதமாகச் சேர்த்திருந்தான். மச்சான் அதற்குக் கையெழுத்துப் போட்டிருந்தார். "நீங்க... நீங்க வெளியிலதானே இருக்கீங்க?"

குரல் கடைசியில் உடைந்தது. பின்னால் பம்புகளின் இரைச்சல். யாரோ தொண்டையைச் செருமினார்கள். அவன் 'ஆமாம், வெளியிலதான்' என்று சொல்ல வாயைத் திறந்தான்.

மனைவி கைபேசியை எடுத்துவிட்டாள்.

"அண்ணே, நான் பேசறேன்."

"நீ போனை அவர்கிட்ட குடும்மா. இது ஆபீஸ் கால்."

"தெரியும். பதிவாகுதுன்னு சொன்னியே, கேட்டுச்சு."

"என்னடி பண்றே?" என்றார் மாமியார்.

"இன்னைக்கு ரெண்டு தடவை கேக்கறே. அன்னைக்கு யாரையும் ஒரு தடவைகூட கேக்கல. ராத்திரி இங்க வந்து, இதே இடத்துல தரையில உக்காந்து என்கிட்ட சொல்லி அழுதே. நீயும் உள்ள போனா அம்மா தாங்க மாட்டாங்கன்னு சொன்னே. இவரை விட்டுட்டு நான் உன்னைக் காப்பாத்தினேன். பதினோரு வருஷமா இவர்கிட்ட தெரிஞ்ச மாதிரிகூட காட்டிக்கல."

அவன் ஈரக் கையோடு நின்றான். அவள் ஏன் ஒருநாளும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கேட்க அவளுக்கு ஒன்றும் இல்லை. சிறைக் கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, பழம் சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா என்று விசாரித்த நாட்களிலெல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது.

கெடு முடிந்துவிட்டது. இனி அவள் என்ன சொன்னாலும் அவனுடைய சிவப்பு பச்சையாகாது. இன்னொரு பச்சைதான் சிவப்பாகும். ஆறு வருடம் போகும். அத்தைக்கு மகன் போவான். தொட்டிக்குள் இறங்கியவன் வரப்போவதில்லை. கையை நீட்டினால் அழைப்பைத் துண்டித்துவிடலாம். கையிலிருந்து நுரை சொட்டியது. அவன் நீட்டவில்லை.

"போனை வைம்மா" என்றார் மச்சான். கெஞ்சும் குரல் அது.

மாமியார் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "எதை மறைச்சீங்க? என்னடி சொல்றே நீ?"

மனைவி கைபேசியை வாய்க்கு அருகில் கொண்டுபோனாள். பரிசோதனைக் கூடத்தில் முடிவுகளை வாசிப்பதுபோல, ஒவ்வொரு சொல்லாக, அவசரமில்லாமல் சொன்னாள்.

"பாட்டுச் சத்தம் கேக்கல, ஆள் போயாச்சு, பூட்டை வெட்டுன்னு இவர்கிட்ட சொன்னது நீதான்."